முதல் வகுப்பும் மூன்று பேருந்துகளும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

கல்லூரியில் சேரும் நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று, சேர்க்கைப் பட்டியலில் பெயர் வருமா என்பது. மற்றொன்று, முதல் ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொல்வார்களோ என்பது. முதலாவது அச்சம் பட்டியல் ஒட்டிய அன்றே தீர்ந்துவிடும். இரண்டாவது அச்சம் பலருக்கு மூன்றாண்டுகள் ஆனாலும் தீர்வதில்லை. அந்த இரண்டாவது அச்சத்தைப் பற்றியும், அதைப் போக்க முதல் வகுப்பிலேயே செய்யத்தக்க சில பேச்சுப் பயிற்சிகளைப் பற்றியும் நம் ஆண்டு மலரில் எழுத வேண்டுமென்பது என் நெடுநாள் விருப்பம். நான் ஆங்கில இலக்கியம் பயில்பவன் அல்லன். பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் படித்துத் தேறிய வரலாற்று மாணவன். ஆகவே இதை ஓர் ஆராய்ச்சியாகக் கொள்ளாமல், ஒரு மாணவனின் அனுபவமாகக் கொள்ள வேண்டுகிறேன்.

வரலாற்று மாணவன் என்பதால் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். 1690ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் அவர்களுக்கு உரியது என்பதை அளக்க நூலோ சங்கிலியோ பயன்படவில்லை. பீரங்கியிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தொலைவில் விழுந்ததோ அவ்வளவு தொலைவும் கம்பெனிக்கு என்று முடிவாயிற்று. குண்டு எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரும் வழங்கிற்று. ஆங்கிலம் நம் கடலூர்க் கரைக்கு வந்த விதம் இது. மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் ஆங்கிலம் என்றதும் நம்மில் பலர் குண்டுக்குப் பயந்தவர்போல் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்க்கும்போது எனக்கு இந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும்.

ஆனால் அதே மொழியை அஞ்சாமல் கையாண்டவர்களும் இம்மண்ணோடு தொடர்புடையவர்களே. வலங்கைமானில் எளிய குடும்பத்தில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார், 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று ஆங்கிலேயரே வியக்கும்படி பேசியவர். 1935 முதல் 1940 வரை சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், உலக நாடுகளின் சிறுகதைகளை ஆங்கிலத்தின் வழியே படித்துத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம் அவருக்கு எசமானாக இல்லை; தமிழுக்குச் சரக்கு ஏற்றிவரும் வண்டியாகவே இருந்தது.

தமிழ்ப்பற்று உள்ளவன் ஆங்கிலம் பேசக் கற்பதா என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. 1965 ஜனவரி 27 அன்று மொழிப் போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் நம் மாவட்டத்துச் சிதம்பரத்தில் வீழ்ந்தவர். அந்தப் போராட்டத்தின் பயனாக 1968இல் நாம் பெற்றது தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கை. ஆகவே ஆங்கிலத்தை நன்கு கற்பது அந்தத் தியாகத்துக்கு மாறானதன்று. பெற்ற உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் மாறானது.

இனி என் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடி. நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். என் தந்தையார் குழித்தறியில் கைலி நெய்தவர். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவர் காலமானார். என் அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. தேர்வுக்குச் சில வாரங்களே இருந்த அந்தத் துயரத்திலும் நல்ல மதிப்பெண் பெற்றாள். தாய்மாமன் முன்னின்று அவளை ஒரு கல்லூரியில் சேர்த்தார். அது நம் கல்லூரி அன்று. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை.

அங்கே முதல் ஆங்கில வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும் என்றார்களாம். பெயர், ஊர், படித்த பள்ளி, தந்தை பெயர், தந்தையின் தொழில். எல்லா இடங்களிலும் நடப்பதுதான். கேட்டவர்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா எழுந்தாள். மூன்று வாக்கியங்கள் பிழையில்லாமல் சொன்னாள். நான்காவதில் 'மை ஃபாதர்' என்று தொடங்கி நின்றுவிட்டாள். அடுத்த சொல் 'இஸ்' என்பதா 'வாஸ்' என்பதா? இலக்கணம் அவளுக்குத் தெரியும். எது சரி என்பதும் தெரியும். தெரிந்ததனால்தான் நா எழவில்லை. தந்தை இறந்து ஐந்து மாதம்கூட ஆகாத ஒரு பெண், முன்பின் அறியாத அறுபது பேர் நடுவில் அந்த ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். 'பரவாயில்லை, உட்கார், இங்கிலீஷ் போகப் போக வந்துவிடும்' என்று ஆறுதலும் சொன்னார்களாம். ஆங்கிலம் தெரியாதவள் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். மேலும் மூன்று நாள் போனாள். பிறகு போகவில்லை. வீட்டில் ஆயிரம் காரணம் சொன்னாள்: பேருந்து நெரிசல், அம்மாவுக்குத் துணை, தையல் கற்க ஆசை. உண்மைக் காரணத்தை நான் கல்லூரியில் சேரும்போதுதான் என்னிடம் சொன்னாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. நான் அந்த நிலைக்கு ஆளாகக் கூடாதென்று, ஐந்து வாக்கியங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தாள். நான்காவது வாக்கியத்தில் 'வாஸ்' என்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் முதல் நாள் வந்தேன்.

ஆனால் நம் கல்லூரியின் முதல் ஆங்கில வகுப்பில் அந்த ஐந்து வாக்கியங்களை யாரும் கேட்கவில்லை. பேராசிரியை அம்மையார் வந்தார். வணக்கம் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு பட்டியல் எழுதினார். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மூன்று பேருந்துகள். முதல் வண்டி 6.40க்குப் புறப்பட்டு 8.15க்குச் சேரும். இரண்டாவது 7.30க்குப் புறப்பட்டு 9.05க்குச் சேரும். மூன்றாவது 8.20க்குப் புறப்பட்டு 9.55க்குச் சேரும். பிறகு எளிய ஆங்கிலத்தில் ஒரு கணக்குப் போட்டார். சிதம்பரத்தில் காலை 9.30க்குத் தேர்வு. பேருந்து நிலையத்திலிருந்து தேர்வு நடக்கும் இடத்துக்கு நடை 15 நிமிடம். எந்த வண்டியில் போவது?

வகுப்பில் சற்று நேரம் அமைதி. ஆனால் அது அச்சத்தால் வந்த அமைதியன்று. கணக்குப் பார்க்கும் அமைதி. 'செகண்ட் பஸ்' என்று ஒரு குரல் வந்தது. 'ஒய்?' என்று கேட்டார் அம்மையார். 'தேர்ட் பஸ் லேட்' என்றது இன்னொரு குரல். 'ஃபர்ஸ்ட் பஸ் டூ இயர்லி' என்றது மூன்றாவது குரல். உடனே அவர் கணக்கை மாற்றினார். உங்கள் நண்பர் புதுச்சத்திரத்தில் ஏற வேண்டும். இரண்டாவது வண்டி அங்கே நிற்காது. இப்போது என்ன செய்வீர்கள்? 'ஃபர்ஸ்ட் பஸ்' என்றனர் பாதிப்பேர். 'நண்பன் மட்டும் ஃபர்ஸ்ட் பஸ், நாங்கள் செகண்ட் பஸ்' என்றனர் சிலர், தமிழும் ஆங்கிலமும் கலந்து. ஆலப்பாக்கத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் வரும் ஒரு மாணவர், 'ஒய் பஸ்? டிரெயின் சீப்' என்றார். வகுப்பே சிரித்தது. யாரையும் பார்த்துச் சிரித்த சிரிப்பன்று அது. எல்லாரும் சேர்ந்து சிரித்தது. அம்மையார் எவரையும் திருத்தவில்லை. 'டிரெயின் இஸ் சீப்பர்' என்று மட்டும் பலகையில் எழுதிவிட்டு மேலே சென்றார். நாங்கள் ஆங்கிலம் பேசினோம் என்பது மணி அடித்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

பின்னொரு நாள் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்ன செய்தி எனக்கு வியப்பளித்தது. இந்த முறைக்கு நம் கடலூரோடு நேரடித் தொடர்பு உண்டாம். என். எஸ். பிரபு என்னும் அறிஞர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை அவரும் அவரோடு சேர்ந்த ஆசிரியர்களும் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு புதுமுயற்சி செய்தனர். பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் அறியப்பட்ட அம்முயற்சி பெங்களூர், சென்னை, தலைச்சேரி ஆகிய ஊர்களோடு நம் கடலூரிலும் நடந்தது. இலக்கண விதியை முதலில் சொல்லிப் பிறகு வாக்கியம் அமைக்கச் சொல்வது வழக்கமான முறை. பிரபு அதை விடுத்து, மாணவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தார். வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது, ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணம் வகுப்பது, இப்படிப்பட்ட வேலைகள். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானே உள்ளே இறங்கும் என்பது அவர் கொள்கை. தம் அனுபவங்களை 1987இல் ஒரு நூலாகவும் எழுதினார். இன்று உலகின் பல நாடுகளில் மொழியாசிரியர்கள் அந்த நூலைப் படிக்கிறார்கள்.

அந்த முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றுண்டு. மாணவர் உடனே பேசியாக வேண்டும் என்று பிரபு வற்புறுத்தவில்லை. முதலில் கேட்டுப் புரிந்துகொள்ளட்டும். ஒரு சொல்லில் விடை சொன்னாலும் போதும். பேச்சு பிறகு வரும் என்றார். கன்றை முதல் நாளே ஏரில் பூட்டலாகாது என்று நம் உழவர்களுக்குத் தெரிந்த உண்மைதான் இது.

இத்தகைய தொடக்கப் பயிற்சிகளுக்கு ஆங்கிலத்தில் 'ஐஸ் பிரேக்கர்' என்று பெயர். உறைந்த பனியை உடைப்பதாம். குளிர்நாட்டவர்க்கு அது பொருந்தும். நமக்கோ ஐஸ் கட்டி என்றால் கடலூர்த் துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு மேல் கொட்டுவதுதான். உடைத்துக் கொட்டியபிறகு உள்ளே இருக்கும் மீன் இன்னும் விறைத்துத்தான் போகும். ஆகவே நானும் என் நண்பர்களும் இதற்குக் 'கூச்சம் தெளிவித்தல்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். இவ்வாண்டு முதலாண்டு மாணவர்களின் முதல் வகுப்புகளுக்கு உதவியாக எங்கள் மூவரை அம்மையார் அழைத்தார். அங்கே நாங்கள் கண்ட பயிற்சிகளில் மூன்றை இங்கே தருகிறேன். மற்றத் துறையினரும் பயன்படுத்திப் பார்க்கலாம்.

முதலாவது, பாதிப் பட்டியல். அதே பேருந்துப் பட்டியல்தான். ஆனால் இடப்பக்க இருக்கையினரிடம் புறப்படும் நேரம் மட்டும் உள்ள தாள். வலப்பக்க இருக்கையினரிடம் சேரும் நேரம் மட்டும் உள்ள தாள். ஒருவரை ஒருவர் கேட்டாலொழியக் கணக்கு முடியாது. 'வாட் டைம், செகண்ட் பஸ்?' என்று கேட்கிறார்கள். வாக்கியம் குறையுடையதுதான். ஆனால் கேள்வி உண்மையானது. கேட்பவருக்கு விடை தெரியாது, சொல்பவருக்குத் தெரியும். 'உன் பெயர் என்ன' என்று பெயர் தெரிந்தவரையே கேட்கும் பயிற்சிக்கும் இதற்கும் இதுதான் வேறுபாடு.

இரண்டாவது, ஆளைக் கண்டுபிடித்தல். தைப்பூசத்தன்று வடலூரில் சோதி பார்த்தவர், பிச்சாவரத்தில் படகில் சென்றவர், நீச்சல் தெரிந்தவர், தறியில் உட்கார்ந்து நெய்தவர், ஐந்து மணிக்கு முன் எழுபவர் என்று பத்துக் குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் வகுப்பில் ஓர் ஆளைக் கண்டுபிடித்துப் பெயர் எழுத வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் மாணவர் எழுந்து அறை முழுவதும் நடந்து கேட்பதாக இருக்கும். நம் வகுப்பறையில் எழுபது பேர், நீண்ட பெஞ்சுகள், ஆண்கள் ஒரு புறம், பெண்கள் ஒரு புறம். எல்லாரும் எழுந்து நடந்தால் சந்தையாகிவிடும். ஆகவே தாளை வரிசை வரிசையாகக் கைமாற்றி, முன் இருக்கையாரையும் பின் இருக்கையாரையும் மட்டும் கேட்கும்படி மாற்றிக்கொண்டோம். 'கேன் யூ ஸ்விம்?' என்ற கேள்விக்குச் சோனங்குப்பத்து மாணவர் ஒருவர் விடை சொல்லாமல் சிரித்தே விட்டார். கடலில் வளர்ந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது! அன்றிலிருந்து அவர் வகுப்பில் மதிப்புக்குரியவரானார். ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை இந்தப் பயிற்சி வெளிக்கொண்டுவந்துவிடுகிறது.

மூன்றாவது, இரண்டு மெய் ஒரு பொய். தம்மைப் பற்றி மூன்று சிறு வாக்கியம் சொல்ல வேண்டும். அவற்றுள் ஒன்று பொய். வகுப்பு கண்டுபிடிக்க வேண்டும். 'ஐ ஹாவ் ஃபோர் கோட்ஸ். ஐ ஈட் நோ ஃபிஷ். ஐ ஃபியர் லிசர்ட்' என்றார் புவனகிரிப் பக்கத்து மாணவி ஒருவர். அரை மணி நேரம் விவாதம்! இதன் சிறப்பு, எதைச் சொல்வது எதை மறைப்பது என்பது பேசுபவர் கையில் இருப்பதே. வீட்டுத் துயரத்தைச் சொல்ல விரும்பாதவர் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்காரலாம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதியை அம்மையார் வைத்திருந்தார். பேச விருப்பமில்லாதவர் 'நெக்ஸ்ட்' என்று சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. முதல் நாள் பதினொருவர் 'நெக்ஸ்ட்' என்றனர். இரண்டாம் வாரம் இருவர் மட்டுமே. 'நெக்ஸ்ட்' என்பதும் ஆங்கிலச் சொல்தானே என்று அம்மையார் வேடிக்கையாகச் சொல்வார்.

என் முதலாண்டில் அந்தப் பேருந்துப் பட்டியலை நோட்டில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் அக்காவிடம் காட்டினேன். அவள் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தாள். 'செகண்ட் பஸ்' என்றாள். புதுச்சத்திரத்து நண்பனைப் பற்றிச் சொன்னேன். 'ஹீ மஸ்ட் கோ பை த ஃபர்ஸ்ட் பஸ்' என்றாள். வகுப்பில் எங்களில் ஒருவரும் அவ்வளவு முழுமையான வாக்கியம் சொல்லவில்லை. பிறகு மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, 'அன்னைக்கி என்னை இதக் கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பேன்டா தம்பி' என்றாள். மீண்டும் தைக்கத் தொடங்கினாள். அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தவர் ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை.

இந்தப் பயிற்சிகளை எதிர்ப்பவர்களின் வாதங்களும் அறிந்தவைதான். 'இது சிறுபிள்ளை விளையாட்டு. பாடத்திட்டம் முடிய வேண்டாமா?' என்பது ஒன்று. பாடம் முடிய வேண்டியதுதான். ஆனால் முதல் வாரத்திலேயே வாய் மூடிக்கொண்டவருக்கு மீதி வாரங்கள் பாடம் நடந்தென்ன, நடக்காவிட்டாலென்ன? 'வேலைக்கான நேர்முகத் தேர்வில் உன்னைப் பற்றிச் சொல் என்றுதானே முதலில் கேட்பார்கள்?' என்பது மற்றொன்று. உண்மை. ஆகவே தன்னைப் பற்றிப் பேசும் பயிற்சி கட்டாயம் வேண்டும். அது முதல் நாள் வேண்டாம் என்பதே என் வாதம். எங்கள் வகுப்பில் இரண்டாம் மாத இறுதியில் அந்தப் பயிற்சி நடந்தது. எதைச் சொல்வதென்று நாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றார் அம்மையார். நான் எழுந்து 'மை ஃபாதர் வாஸ் எ வீவர். மை மதர் இஸ் எ வீவர்' என்றேன். அப்போது என் முன்னால் இருந்தவர்கள் இரண்டு மாதம் உடன் சிரித்துப் பழகிய நண்பர்கள். அக்காவுக்குக் கிடைக்காதது அந்த இரண்டு மாதம்தான்.

விளையாட்டால் மட்டுமே ஆங்கிலம் வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பிரபுவின் திட்டத்தை 1984இல் வெளியார் வந்து மதிப்பீடு செய்தபோதும் முழு வெற்றி என்று தீர்ப்பு வந்துவிடவில்லை. பழைய முறையில் பயின்றோர் இலக்கண அமைப்புத் தேர்வில் குறைந்தவர்களாக இல்லை. படிக்க வேண்டும், எழுத வேண்டும், நூலகத்துக்குப் போக வேண்டும். ஆனால் கதவைத் திறந்தால்தானே வீட்டுக்குள் நுழைய முடியும்?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். முதல் வகுப்பில் தந்தையின் தொழிலைக் கேட்பதை விட்டுவிடுங்கள். தந்தை இல்லாதவர், தந்தையைப் பிரிந்தவர், தந்தையின் தொழிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமோ என்று கூசுபவர் என்று எத்தனையோ பேர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறோம். அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக ஒரு பேருந்துப் பட்டியல் போதும். செலவு ஒரு சுண்ணக்கட்டிதான்.

முதலாண்டு நண்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். அருகில் இருப்பவர் தடுமாறும்போது சிரிக்காதீர்கள். அவர் தேடுவது ஓர் ஆங்கிலச் சொல்லாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பொறுத்திருங்கள், சொல் வரும். அடுத்த ஆண்டு உங்களில் மூவர், பட்டியல் எழுதிய தாள்களோடு புதிய வகுப்புக்குச் செல்லப் போகிறீர்கள். தாள்களை நாங்கள் நம் ஆங்கிலத் துறை அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறோம். பேருந்து நேரங்களை மட்டும் அவ்வப்போது சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.